நாற்பதைத் தாண்டிப் பட்டப்படிப்பு: எந்தச் சான்றிதழ் முதலில்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்பது ஒன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தாலே போதும், ஓராண்டில் பி.காம். பட்டம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறாரே, அவரை நம்பலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பற்றித்தான் நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போவது இரண்டாவது கேள்விதான்.

வயதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், வேலை, திருமணம், வறுமை போன்ற காரணங்களால் படிப்பை இடையில் விட்டவர்களையும் மனத்தில் கொண்டே உருவானவை. அங்கே இளநிலைப் பட்டப்படிப்புக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பே 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதியை எழுதும்போது கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒரு பட்டத்தின் மதிப்பை அதை வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்கு முன் நீங்கள் எந்தெந்தத் தேர்வுகளை எந்த வரிசையில் முடித்தீர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்பதே ஏற்கப்பட்ட வரிசை. ஒரு காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் நுழைவுத் தேர்வோ ஆயத்தப் படிப்போ எழுதி நேரடியாகப் பட்டம் பெற முடிந்தது. இளநிலைப் பட்டமே இல்லாமல் முதுகலைப் பட்டம் பெற்றவர்களும் உண்டு. அப்படிப் பெற்ற முதுகலைப் பட்டத்தை அரசுப் பதவிக்கான தகுதியாக ஏற்க முடியாது என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசும், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்த பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பெற்ற பட்டங்களே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்று ஆணை வெளியிட்டது. கையில் பட்டம் இருந்தும், நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு இல்லாததால் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அவர்கள் யாரும் படிக்காமல் பட்டம் வாங்கியவர்கள் அல்லர், உழைத்துப் படித்தவர்கள். வரிசையைப் பற்றி அவர்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மேல்நிலைத் தேர்வை முடிப்பது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மாநிலப் பாடத்திட்டத்தில், பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதலாம்; அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக எழுதலாம். தேசிய நிறுவனத்தின் முறை வேலைக்குச் செல்பவர்களுக்கு வசதியானது என்பதில் சந்தேகமில்லை. ஒரு முறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஒரே பருவத்தில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருந்தாலும், தமிழ்நாட்டில் அரசுப் பணியை நினைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் மாநிலப் பாடத்திட்டத்தையே பரிந்துரைப்பேன். நீங்கள் பத்தாம் வகுப்பு முடித்ததும் அதே வாரியத்தில்தான். பின்னாளில் எந்த அலுவலகத்திலும் அந்தச் சான்றிதழுக்கு இணைச்சான்று கேட்கமாட்டார்கள்.

தனித்தேர்வர்களுக்கான அறிவிக்கையை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிடும். உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் சென்று விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பதினைந்து ஆண்டுகளாகத் துணிக்கடையில் கணக்கு எழுதிவரும் உங்களுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவை இயல்பாகவே பொருந்தும். பற்று, வரவு, இருப்பு என்று புத்தகம் சொல்வதை நீங்கள் அன்றாடம் கையால் செய்துகொண்டிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து நேராக வரும் பதினேழு வயது மாணவருக்கு அந்த அனுபவம் கிடைக்காது. பாடநூல்கள் தமிழ்வழியில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மேல்நிலைக்கு இரண்டு ஆண்டுகளை ஒதுக்கி வையுங்கள்; முன்னதாக முடிந்தால் நல்லது.

இந்த இரண்டு ஆண்டுகள் வீண் என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். குரூப் 4 பணிகளுக்குப் பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. ஆனால் அந்தத் தகுதி மட்டும் உள்ளவர்களுக்கு உச்ச வயது வரம்பு உண்டு, பெரும்பாலான பதவிகளுக்கு நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோர் அடிப்படைத் தகுதியைவிடக் கூடுதலான கல்வித் தகுதி பெற்றிருந்தால், அறுபது வயது நிறையாதவரை அவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. அதாவது, நீங்கள் இந்த வகுப்புகளில் ஒன்றைச் சேர்ந்தவர் என்றால், பட்டத்துக்குக் காத்திராமல், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே உங்களுக்கு மூடியிருக்கும் கதவைத் திறந்துவிடும்.

பட்டப்படிப்புக்கு வருவோம். திறந்தநிலை, தொலைநிலைப் படிப்புகளில் பொதுவாக ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கைப் பருவங்கள் உண்டு. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்தை மூன்றாண்டுகளில் முடிக்கலாம்; முடியாதவர்களுக்கு ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. கடையில் தீபாவளி, பொங்கல் காலங்களில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பதால் இந்த அவகாசத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படிக்க விரும்பினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குச் சென்று பெற்ற பட்டத்துக்கு இணையானது. ‘அஞ்சல்வழிப் பட்டத்துக்கு மதிப்பில்லை’ என்று உறவினர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ‘அனுமதி பெற்ற’ என்ற நிபந்தனையை லேசாக எண்ணிவிடாதீர்கள். பல்கலைக்கழகம் புகழ்பெற்றதாக இருந்தால் மட்டும் போதாது; நீங்கள் சேரும் அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டில், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது என்பதும் விதி. எனவே எங்கோ வடமாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒருவர் மாடியில் மையம் நடத்தினால், அங்கே பணம் கட்டாதீர்கள். ஓராண்டில் மூன்றாண்டுப் பட்டம் என்பது எந்த விதியிலும் இல்லை. உங்களிடம் பேசியவர் தேர்வு எழுதவும் வர வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கிடைக்கும் தாளைப் பட்டம் என்று காட்டி வேலை கேட்டால் வேலையும் கிடைக்காது, வழக்கும் வரும். அவரிடம் முன்பணமும் அசல் சான்றிதழும் கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், அசல் மதிப்பெண் சான்றிதழை மட்டுமாவது உடனே திரும்ப வாங்கிவிடுங்கள்.

சான்றிதழ் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களைப் போன்ற பெண்களுக்கு உண்மையில் இடைஞ்சல் வருவது இங்கேதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உங்கள் பெயர் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கும். ஆதார் அட்டையில் கணவர் பெயரோ, அவருடைய முதலெழுத்தோ சேர்ந்திருக்கும். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர்பவர்கள் மானியக் குழுவின் தளத்தில் ஓர் அடையாள எண் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது ஆதாரோடு இணைந்தது. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும். எந்தப் பெயரை நிலையாக வைத்துக்கொள்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயருக்கு ஏற்ப ஆதாரைத் திருத்துவது எளிது. சான்றிதழை மாற்றுவது அரசிதழ் வரை போக வேண்டிய நீண்ட வேலை. சாதிச் சான்றிதழும் தந்தையின் பெயரில்தான் வழங்கப்படும் என்பதால் அந்த முதலெழுத்தையே வைத்துக்கொள்வது பல வகையிலும் நல்லது. மாற்றுச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கடைசியாகப் படித்த பள்ளியில் தலைமை ஆசிரியரைப் பார்த்து, இரண்டாம் படி பெறுவதற்கான நடைமுறையைக் கேட்டு, இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கும் நாள் பிடிக்கும்.

படிக்க முடியுமா, மனத்தில் நிற்குமா என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் நினைவாற்றலைவிட முதலில் தடுமாறுவது கைதான். இருபத்தைந்து ஆண்டுகளாக மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதியிராத கைக்கு முதல் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்துவிடும். விடை தெரிந்தும் எழுதி முடிக்காமல் வெளியே வருவார்கள். ஆகவே படிக்கும் நேரத்தில் பாதியை எழுதுவதற்குக் கொடுங்கள். முதல் மாதம் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் பார்த்து முழுமையாக எழுதிப் பழகுங்கள்.

உங்கள் மகள் இப்போது பத்தாம் வகுப்பு என்று சொன்னீர்கள். இரண்டு ஆண்டுகளில் நீங்கள் இருவரும் ஒரே மார்ச் மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத நேரலாம். அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று நீங்களாகக் கற்பனை செய்து கவலைப்பட வேண்டாம், அவளையே கேளுங்கள். அவளுக்குச் சங்கடமாக இருந்தால், ஜூன், ஜூலையை ஒட்டி நடக்கும் துணைத் தேர்வில் நீங்கள் எழுதிக்கொள்ளலாமா என்று சேவை மையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.