முதல் கத்தி: கேளுங்கள், சொல்கிறேன்

தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் முப்பது வருடம் அரத்தோடும் உலையோடும் இருந்தவன் நான். மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல் முதல் கத்தியைச் செய்ய நினைப்பவர்கள் கேட்கலாம் என்றேன். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களை ஊர்ப்பெயரால் போட்டிருக்கிறேன்.

ஹட்டன்: அண்ணே, எந்த இரும்பில் தொடங்குவது? லொறி வில்லுப்பட்டை ஒன்று கிடக்கிறது.

வில்லுப்பட்டை, அதாவது லொறியின் ஸ்பிரிங் தகடு, நல்ல எஃகுதான். நூற்றுக்கு 0.6 அளவில் கரி (காபன்) இருக்கும், தோய்ச்சல் (காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று இறக்கிக் கடினமாக்குவது) நன்றாகப் பிடிக்கும். ஆனால் லொறிப் பட்டை தடிப்பு. கை அரத்தால் அதை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவதற்குள் உங்களுக்கு ஆசையே விட்டுப்போகும். வருடக்கணக்காகப் பள்ளம் மேட்டில் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம்.

முதல் கத்திக்கு நான் சொல்வது தேய்ந்துபோன பழைய 10 அங்குல அரம். நல்ல அரத்தில் கரி நூற்றுக்கு ஒன்றையொட்டி இருக்கும். மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம். அதனால் நுனியை வைஸில் பிடித்து, துணி சுற்றி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். படக்கென்று முறிந்து, முறிந்த முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில், வெல்வெட் துணி போல் நயமாக இருந்தால் அதுதான் சரக்கு. ஓரம் ஒரு நிறம், நடு வேறு நிறம் என்றால் அதை வைத்துவிடுங்கள். தட்டும்போது கண்ணாடி போடுங்கள். சில்லு கண்ணைத் தேடி வரும்.

கொட்டகலை: கொங்கிரீட் கம்பியைத் தட்டிச் செய்தால்?

கத்தி வடிவம் வரும், கூர் நிற்காது. கரி போதாது.

பண்டாரவளை: ஐயா, அரம் கையில் இருக்கிறது. இனி என்ன செய்யவேண்டும்?

முதலில் அதன் கடினத்தைப் போக்குங்கள். அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் காலையில் எடுங்கள். இப்போது ஹெக்சோ வாள் அதை அறுக்கும். அட்டையில் வரைந்து வெட்டிய உருவத்தை மேலே வைத்துக் கீறி, அறுத்து, ஓரங்களை அராவுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் சரிவு. அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். இழுத்துத் தேய்த்தால் பல் மழுங்கும். வாய்ப்பக்கத்தை, அதாவது வெட்டும் ஓரத்தை, இப்போதே கூராக்காதீர்கள், ஒரு மில்லிமீட்டர் தடிப்பு விடுங்கள். மெல்லிய வாய் தோய்ச்சலில் நெளியும், வெடிக்கும். பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். தோய்ச்சலுக்குப் பிறகு துளை இறங்காது.

மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை போகும். போகட்டும்.

மஸ்கெலியா: உலை எப்படிக் கட்டுவது? காற்றுக்கு வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒன்று மிச்சம் இருக்கிறது.

அந்தக் குழாய் பளபளவென்று வெள்ளையாக இருந்தால் தொடாதீர்கள். அது நாகம் (துத்தநாகம்) பூசியது. நெருப்பில் நாகம் ஆவியானால் அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். கறுப்பு இரும்புக் குழாய் போதும். பழைய பிரேக் டிரம், இல்லையென்றால் களிமண் பூசிய ஒரு குழி, சிரட்டைக்கரி, கைத்துருத்தி. வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள், லயத்துக் குசினிக்குள் வேண்டாம்.

சூட்டைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் சிவப்பு தெரியாது. பொழுது சாயும் நேரத்தில், ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துத் தொட்டுப் பாருங்கள். 770 பாகை செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏறியதும், இளஞ்சூடான தேங்காய் எண்ணெயில் முனையைக் கீழே வைத்து நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். எண்ணெய் தீப்பிடிக்கும், தகர மூடி பக்கத்தில் இருக்கட்டும். ஆறியதும் வேறொரு நல்ல அரத்தைக் கத்தியின் வாயில் வைத்துத் தேயுங்கள். கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது.

தலவாக்கலை: அண்ணா, தோய்ச்சலுக்குப் பிறகு கேக் சுடும் அவனில் வைக்கவேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அவன் இல்லை.

கடலை வறுக்கிற மணல் சட்டி இருக்கிறதா? போதும். தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையும். அன்றே பதம் இறக்கவேண்டும், அதாவது மிதமாகச் சூடாக்கி அந்த உடையும் குணத்தைக் குறைக்கவேண்டும். ஒரு பக்கத்தை வெள்ளி போல் மினுக்கி, சூட்டு மணலில் முதுகு கீழே இருக்க வைத்து, கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் மெல்லிய வைக்கோல் நிறம். கொஞ்சம் போனால் இளஞ்சாயத் தண்ணி (பால் விடாத தேநீர்) நிறம். சமையல் கத்தியின் வாய் அந்த நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள், அது 200 பாகையைத் தாண்டிய இடம். அடி வாங்குகிற கத்திக்குக் கடுஞ்சாயம், ஊதா தொடங்கும்வரை விடலாம். நீலம் வந்தால் சமையல் கத்தியின் கூர் போய்விட்டது, திரும்பவும் தோய்ச்சலிலிருந்து தொடங்கவேண்டும்.

பதுளை: எண்ணெய் எல்லாம் எதற்கு அண்ணே? எங்கள் தாத்தா வாழைத்தண்டிலும் வாளித் தண்ணீரிலும் தோய்த்துத்தான் தோட்டத்துக்கே கத்தி செய்தார். நானும் வில்லுப்பட்டையைத் தண்ணீரில்தான் தோய்க்கப் போகிறேன்.

தம்பி, உங்கள் தாத்தா செய்தது சரி. நீங்கள் செய்யப்போவது சரியில்லை. பழைய கொல்லர்கள் கத்தி முழுவதையும் எஃகில் செய்வதில்லை. மெல்லிரும்பைப் பிளந்து, வாய்ப்பக்கத்தில் மட்டும் ஒரு கீற்று எஃகை வைத்துக் காய்ச்சி ஒட்டுவார்கள். அந்த எஃகுக்குத் தண்ணீர் வேண்டும், உடம்பிலுள்ள மெல்லிரும்பு அதிர்ச்சியைத் தாங்கும். வாழைத்தண்டும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். வில்லுப்பட்டை அப்படியில்லை. அதில் குரோமியமோ சிலிக்கனோ சேர்ந்திருக்கும், மெதுவான குளிர்ச்சியிலேயே கடினமாகும். தண்ணீரில் போட்டால் தன்னைத்தானே இழுத்துக் கிழித்துக்கொள்ளும். என் முதல் வில்லுப்பட்டைக் கத்தி வாளிக்குள் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகு நோக்கி மயிரிழை போல் ஒரு கோடு. இரண்டு மாத வேலை.

பதுளை: அப்படியென்றால் நம் முன்னோருக்கு ஒன்றும் தெரியாதா?

அதை நான் சொல்லவேயில்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், மேற்கு பார்த்த மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய உலைகள் கிடைத்தன. தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அங்கே தோண்டி, அதே மாதிரி உலை கட்டி, காற்றில் ஓட்டிக் காட்டி 1996இல் எழுதினார். அந்த உலையில் கரி மிகுந்த எஃகே வந்தது. காற்றை இப்படிப் படித்தவர்கள் தங்கள் எஃகையும் படித்திருப்பார்கள். அவர்கள் கையில் இருந்த எஃகுக்கு அவர்கள் முறை, உங்கள் கையில் இருப்பதற்கு வேறு முறை. நம்பவேண்டாம், சோதியுங்கள். பட்டையில் இரண்டு விரல் துண்டு வெட்டி ஒன்றைத் தண்ணீரில், ஒன்றை எண்ணெயில் தோயுங்கள். தாத்தாவின் கத்தி இருந்தால் வாயருகே மினுக்கி எலுமிச்சை தேய்த்துப் பாருங்கள்.

நாவலப்பிட்டி: வில்லுப்பட்டையில் செய்யலாமா?

மேலே ஹட்டனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கினிகத்தேனை: துருப்பிடிக்காத எஃகு?

ஆயிரம் பாகைக்கு மேல் அளந்து நிறுத்தவேண்டும். கரி உலையில் நடக்காது.

நோர்வூட்: வில்லுப்பட்டை, தேய்ந்த அரம், எது நல்லது?

அரம். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: இரண்டு பக்கமும் கூர் வைத்த குத்துவாள்?

சொல்லித்தர மாட்டேன்.

வட்டவளை: மகனுக்கு 14 வயது. ஆசைப்படுகிறான். விடலாமா அண்ணா?

அராவட்டும் தங்கச்சி, அது கைக்கும் பொறுமைக்கும் நல்லது. நெருப்பிலும் எண்ணெயிலும் பெரியவர் ஒருவர் கூட நிற்கவேண்டும். கண்ணாடி கட்டாயம்.

நுவரெலியா: செய்த கத்தி ஒரே இரவில் துருப்பிடித்துவிட்டது.

உங்கள் ஊர் மூடுபனி அப்படி. கழுவியதும் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் பூசி, காற்றாட வையுங்கள். தோலுறைக்குள் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

பொகவந்தலாவை: அப்பா முப்பது வருடம் கவ்வாத்துக்கு (தேயிலைச் செடி வெட்டும் வேலைக்கு) போனவர். அவருடைய கத்தி மழுங்கிக் கிடக்கிறது. கிரைண்டரில் கொடுத்துத் தீட்டலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கிரைண்டர் சக்கரத்தில் ஒரு நொடி நின்றாலே வாய் நீலமாகும், அந்த இடத்தில் பதம் போய்விடும். கவ்வாத்துக் கத்தி ஒரே வெட்டில் வாதைச் சரிவாகச் சீவவேண்டும். பிய்த்தால் பட்டை கிழியும், காயத்தில் தண்ணீர் தேங்கி வாது அழுகும். அப்பா அந்த வளைவையும் கூரையும் வருடக்கணக்காகக் கல்லில் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார். அதைக் கல்லிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். வளைவுக்கு உருண்டைக் கல், தண்ணீர் விட்டு விட்டு, பழைய சரிவு எங்கே போகிறதோ அதே சரிவில். உங்கள் சமையல் கத்திக்கு வேண்டுமானால் ஒரு கணக்கு: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறத்தாழ 20 பாகைக் கோணம். இந்தக் கத்திக்கு அந்தக் கணக்கு வேண்டாம், அப்பாவின் சரிவுதான் அளவு. பிடி ஆடினால் நன்றாகக் காய்ந்த கொய்யா மரத்தில் புதிது போடுங்கள்.

பதுளை: அண்ணே, ஞாயிறு காலை செய்து பார்த்தேன். தண்ணீரில் போட்ட துண்டில் இரண்டு வெடிப்பு. எண்ணெயில் போட்டது முழுசாக இருக்கிறது, அரம் வழுக்குகிறது. தாத்தா கத்தியில் எலுமிச்சை தேய்த்ததும் வாயோரம் மட்டும் கறுத்து, மேலே வெளிறி, நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு ஓடுகிறது.

அதுதான் தம்பி, தாத்தா எஃகு வைத்து ஒட்டிய இடம். கழுவி, எண்ணெய் பூசி வையுங்கள்.