இடுப்பு மூட்டு மாற்றி 40 நாளாகியும் முட்டியும் முதுகும் வலிக்கிறதே, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

காயம் ஆறிவிட்டது, ஆனால் வலி தொடை, முட்டி, முதுகு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆபரேஷன் தோற்றுவிட்டதா என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். இதே பயத்தோடு இதே 40-ம் நாள் வாக்கில் நானும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அறுத்தது இடுப்பில், நோகிறது முட்டியில் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இடுப்புக்குப் போகிற நரம்புகளே முட்டிக்கும் போவதால் மேலே உள்ள நோவு கீழே தெரியும் என்றார். முட்டியைத் தனியாக ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அதையும் சொன்னார்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். குலசேகரம், தக்கலை, நாகர்கோவில் என்று 28 வருஷம் நின்றுகொண்டே பிழைத்தேன். வலது தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று அது உளுத்துப்போனது. மூன்று வருஷம் நொண்டி நடந்து, வேறு வழியில்லாமல் மாற்றிக்கொண்டேன். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த நொண்டல்தான் பின்னால் முதுகுவலியாக வந்தது. குட்டையாகிப்போன காலுக்கு ஏற்றபடி முதுகு வளைந்து பழகியிருந்தது. காலைச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்ததும் எனக்கு அந்தக் கால் நீளமாகிவிட்டது போலத் தோன்றியது. மற்றக் காலின் செருப்புக்கு அட்டை வைக்கலாமா என்று கேட்டேன். பொறும், தசை இறுக்கம் விடட்டும் என்றார்கள். நாலு மாசத்தில் அந்த நினைப்பே போய்விட்டது. உங்களுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் நெடுநாள் நொண்டல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு ஒரு மாசம் பிடித்தது. 24-ம் நாள் காலையில் வலியே இல்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருமுக்கு வரை போய்ச் சாயா குடித்துவிட்டு, அரசியல் பேசிவிட்டுத் திரும்பினேன். போக அறுநூறு மீட்டர், வர அறுநூறு. பகல் முழுக்க ஒன்றும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தது பாருங்கள், தொடை கொதித்தது, கணுக்கால் வரை நீர் கோத்தது. இரண்டு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள் வலி இறங்கியதும் மறுபடி முக்கு! மறுபடி கட்டில். "உங்களுக்கு வலி இல்லாத நாளைப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. சரியாகத்தான் சொன்னாள்.

தொழில் புத்தி விடாது அல்லவா, ஒரு பழைய நோட்டில் டிரிப் ஷீட் மாதிரி கோடு போட்டேன். எத்தனை நடை, எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன், எப்போது மாத்திரை, ராத்திரி வலி பத்துக்கு எத்தனை. பத்து நாளில் தெரிந்துவிட்டது: இன்றைய வலி முக்கால்வாசி நேற்றைய கணக்கு. அதற்குப் பிறகு நல்ல நாளிலும் அளவைத் தாண்டவில்லை. மோசமான நாளிலும் முழுக்கப் படுக்கவில்லை, வராந்தாவில் நாலு நடையாவது நடந்தேன். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினேன். இடவப்பாதி, அதாவது ஜூன் மாசத்துத் தென்மேற்குப் பருவமழைக்காலம், முற்றம் முழுக்கப் பாசி. வெளியே காலே வைக்கவில்லை.

மாத்திரை விஷயத்தில் நேரம்தான் முக்கியம். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டால் காலை மடக்க முடிகிறது. வலித்துத் துடித்த பிறகு போட்டால் அன்றைய பயிற்சி போச்சு. பாரசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, அதுவும் டாக்டர் சொன்ன அளவுதான். சில வலி மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை வாங்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்களுக்கு அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரலாம், அந்த முக்கலில் இடுப்பு படும் பாடு தனி.

வீக்கத்துக்கு ஐஸ்தான் கைகொடுத்தது. துவர்த்தில் (துண்டில்) சுற்றி 15 நிமிஷம், நேராகத் தோலில் படாமல். அம்மா நொச்சி போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க நின்றாள். தழும்பைச் சுற்றி எனக்கு மரத்துப்போயிருந்தது, சூடு பட்டுத் தோல் வெந்தாலும் தெரிந்திருக்காது. மாட்டேன் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை.

நம்ம ஊரில் இடுப்பு என்றாலே வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானும் எண்ணெயும் வந்துவிடும். உறவுக்காரர்கள் தொல்லை தாங்காமல் போனேன். ஆசான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கம்பி வெச்ச இடத்துல நான் கை வைக்க மாட்டேன். அறுத்தவருகிட்டயே கேளும் வேய்" என்று அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான்.

வீட்டில் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். கட்டில் காலுக்குச் செங்கல், கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உயரம், கக்கூஸில் உயரமான கமோடு. முட்டி இடுப்பைவிட மேலே போகக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும். ராத்திரி இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. சாரம் (லுங்கி) கீழே விழுந்தால் குனியாமல் கைத்தடியால் தூக்கப் பழகினேன். தடியை ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், நான் முதலில் தப்பாகத்தான் பிடித்தேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். 28 வருஷம் ஏறி இறங்கிய பஸ் படியில் முதல் மூன்று மாசம் நான் ஏறவே இல்லை.

நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத வலியும் உண்டு. ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் நோகிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆறின காயம் மறுபடி சிவந்து கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம். திடீரென்று வெட்டு விழுந்தது போல வலித்து, கால் குட்டையாகி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம். ஊன்றிப் பார்க்காமல், யாரையும் இழுக்கவும் விடாமல் படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சம்மணம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள், எந்த வகை மூட்டு என்பதைப் பொறுத்து மாறும், அடுத்த ரிவ்யூவில் கேளுங்கள். அப்படியே பத்து நாள் நோட்டும் எழுதிக் கொண்டுபோங்கள். என் டாக்டர் எக்ஸ்ரேயைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.