ஃபயர்வால் வாங்கினால் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள்

வாங்குவோர் கேள்வி-பதில்

இந்தக் கிழமைக் கடிதங்களில் பாதிக்கு மேல் கடை, அலுவலகக் கொம்பியூட்டர்களைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை. திங்கட்கிழமை காலை பில் போடும் கொம்பியூட்டரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பிட்கொயினில் காசு கேட்டு ஒரு அறிவித்தல் நிற்கிறது. பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதிலேயே செருகியிருந்ததால் அதுவும் போய்விட்டது. கணக்கு மென்பொருள் விற்றவர் வீட்டில் இருந்தபடியே எங்கள் கொம்பியூட்டருக்குள் வந்து திருத்தித் தருபவர். அவர், "காசைக் கட்டுங்கோ, வேற வழியில்லை" என்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். கட்டினாலும் ஃபைல்கள் திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கடையில் உள்ள எல்லாக் கொம்பியூட்டர்களிலும் நெட்வேர்க் வயரை இப்போதே கழற்றுங்கள். யாரையும் டிஸ்கை ஃபோர்மட் பண்ண விடாதீர்கள். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் அறிவியுங்கள், பொலிஸிலும் முறைப்பாடு பதியுங்கள். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி இது குற்றம். 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தை டச்சுப் பொலிஸும் யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கின. ரான்சம்வேர் என்பது இப்படி ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் மென்பொருள். சில வகை ரான்சம்வேருக்கு அங்கே இலவசமாகவே திறப்பு கிடைக்கும். இன்று உங்கள் வகைக்கு இல்லாவிட்டாலும் அந்த டிஸ்கை எறியாமல் வைத்திருங்கள். பிற்பாடு திறப்பு வெளியான வகைகள் உண்டு.

வீட்டில் இருந்தபடியே உள்ளே வர அவர் எந்த வழியைத் திறந்து வைத்திருந்தார் என்று எழுத்தில் கேளுங்கள். தூரத்தில் இருந்து கொம்பியூட்டரை இயக்கும் வசதியான ரிமோட் டெஸ்க்டொப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது ரான்சம்வேர்க் கூட்டங்கள் அதிகம் தேடும் வாசல்களில் ஒன்று. அவருடைய வசதிக்காக அப்படித் திறக்கப்பட்டிருந்தால், நட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. நீங்கள் காசு கொடுத்து நம்பியவர்கள். உங்களில் நான் பிழை காணவில்லை.

கேள்வி: கொழும்பில் மூடிய கம்பனி ஒன்றின் ஃபயர்வால் (இணையத்துக்கும் அலுவலக நெட்வேர்க்குக்கும் இடையில் காவல் நிற்கும் பெட்டி) பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (சாவகச்சேரி)

பதில்: வேண்டாம். லைசென்ஸ் பழைய கம்பனியின் பெயரில் இருக்கும். அது ஏன் முக்கியம் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: சுன்னாகத்தில் சிறிய மருத்துவ நிலையம். மூன்று வருடங்களுக்கு முன் ஃபயர்வால் வாங்கினோம். இப்போது ஒரு மாற்றம் செய்ய அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால், பொருத்தியவர் தர மறுக்கிறார். வருட ஒப்பந்தம் போட்டால்தான் தருவாராம்.

பதில்: இந்த வழக்கத்தை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. பெட்டி உங்களுடையது, பில் உங்களுடைய பெயரில். திறப்பு மட்டும் ஏன் இன்னொருவருடைய பொக்கற்றில் இருக்க வேண்டும்?

பாதுகாப்பு என்று நாங்கள் வாங்குவது இரும்புப் பெட்டியை அல்ல. புதிய தாக்குதல்களை அடையாளம் காணும் பட்டியல் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும், பெட்டியின் சொந்த மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் திருத்தம் போடப்பட வேண்டும். காசு அதற்குத்தான். லைசென்ஸ் முடிந்த பெரும்பாலான பெட்டிகளில் பச்சை லைட் எரியும், இணையமும் ஓடும். ஆனால் அந்தப் பட்டியல் நின்றுபோயிருக்கும். லைட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறோம்.

திருத்தம் போடாத ஃபயர்வாலே வாசலாக மாறும். ஃபயர்வால் தயாரிக்கும் ஃபோர்டினெட் நிறுவனம் தன் பெட்டிகளில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு 2019இல் திருத்தம் வெளியிட்டது. 2021 செப்டெம்பரில், அந்த ஓட்டை வழியாக எடுக்கப்பட்ட சுமார் 87,000 பெட்டிகளின் விபிஎன் (வெளியில் இருந்து அலுவலக நெட்வேர்க்குக்குள் வரும் பாதை) பாஸ்வேர்டுகள் இணையத்தில் கொட்டப்பட்டன. இரண்டு வருடம் திருத்தம் கையில் இருந்தும் போடாமல் விட்டவர்களும், போட்ட பின் பாஸ்வேர்டை மாற்றாதவர்களும்தான் மாட்டினார்கள். அட்மின் பாஸ்வேர்ட் கையில் இல்லாத உங்களால் திருத்தம் போட முடியுமா? நோயாளிகளின் அறிக்கைகள் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தானே இருக்கின்றன.

பாஸ்வேர்ட், கன்ஃபிகரேஷன் (பெட்டியின் அமைப்பு விபரம்) பிரதி, லைசென்ஸ் பதிந்த கணக்கு மூன்றையும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பில்லின் பிரதியுடன் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதுங்கள் (தொலைபேசி 1977). விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தடையாகலாம், ஆகவே வழக்கறிஞர் ஒருவருடனும் கதையுங்கள். பெட்டியை ரீசெட் செய்து புதிதாக அமைக்க வேறொருவரால் முடியும். செலவுதான், ஆனாலும் அந்த வருட ஒப்பந்தத்தை விட அதைத்தான் நான் தெரிவு செய்வேன். புதிதாக வாங்குவோர் கடைசித் தவணைக் காசைக் கொடுக்குமுன் இந்த மூன்றையும் கையில் வாங்குங்கள்.

கேள்வி: கோண்டாவிலில் கணக்காளர் அலுவலகம். எட்டுக் கொம்பியூட்டருக்கும் காசு கட்டாத கிராக் விண்டோஸ் 10. போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். இப்போது வங்கிப் பக்கம் வித்தியாசமாகத் தெரிகிறது. மலிவான ஆன்டிவைரஸ் எது?

பதில்: காவலை நிறுத்தச் சொன்ன உடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எந்த ஆன்டிவைரஸும் இதைச் சரியாக்காது. வேறொரு சுத்தமான கொம்பியூட்டரில் இருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு எட்டையும் அழித்து, காசு கட்டிய விண்டோஸ் 11 போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. உங்களிடம் இருப்பது ஊராரின் சம்பள விபரமும் வரி விபரமும். எட்டு லைசென்ஸ் விலை என்று கணக்குப் பார்க்கும் இடம் இதுவல்ல.

கேள்வி: எல்லாம் கிளவுட்டில் இருக்கும்போது தனி பேக்கப் எதற்கு? (திருநெல்வேலி)

பதில்: 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டையே ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. பேக்கப்பும் அதே தாக்குதலில் போனது, மின்னஞ்சல் மென்பொருளும் பழைய பதிப்பு. ஆகவே வயரில் தொடுக்காத ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

டிஸ்க் வாங்கும்போது கவனம். இணையக் கடை ஒன்றில் நான் வாங்கிய '2 டெராபைட்' பென் டிரைவ் உண்மையில் 64 ஜிகாபைட்தான். கொம்பியூட்டரில் இரண்டு டெராபைட் என்றே காட்டியது. நிரம்பிய பிறகு பழைய ஃபைல்களின் மேலேயே எழுதியது. காசு திரும்பவில்லை, விற்றவரின் கணக்கும் காணாமல் போனது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதி வாசித்துப் பார்த்தபின் பயன்படுத்துங்கள்.

கேள்வி: குருநகரில் நண்டு ஏற்றுமதி செய்கிறோம். பொதி செய்யும் பெட்டிகள் தரும் வெளிநாட்டுக் கம்பனியிடம் இருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அதே முகவரி, அதே இன்வொய்ஸ். நேற்று அனுப்பிய காசு தங்களுக்கு வரவில்லை என்கிறார்கள்.

பதில்: இதை வாசிக்கும் முன்பே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. முதல் வேலை வங்கி. அனுப்பிய காசைத் திருப்பி அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள், ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். அடுத்து இரு தரப்பின் மின்னஞ்சல் பெட்டியிலும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்து வாசித்துக்கொண்டிருந்தவன் பெரும்பாலும் அதை விட்டுச் செல்வான்.

இனிமேல் கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும், பழைய பில்லில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். குரலும் முகமும் கூடப் போலியாக வருகின்றன. ஹொங்கொங்கில் அருப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், மேலதிகாரிகள் போல் தெரிந்த போலி வீடியோக் கூட்டத்தை நம்பி 20 கோடி ஹொங்கொங் டொலர் அனுப்பினார். 2024இல் அது வெளியே வந்தது. ஏமாந்தீர்கள் என்று யாரும் உங்களைக் குறை சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: கமரா போட்டவர் பாஸ்வேர்ட் 123456, மாற்ற வேண்டாம் என்கிறார். (மானிப்பாய்)

பதில்: இன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் இப்படிப்பட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும்தான் பிடித்து, மற்றவர்களைத் தாக்கப் படை திரட்டியது. கமராக்களைக் கணக்குக் கொம்பியூட்டர்கள் இருக்கும் நெட்வேர்க்கில் இருந்து பிரித்துத் தரவும் சொல்லுங்கள்.