“இன்னும் எத்தனை நாள், டாக்டர்?”

அரசு கால்நடை மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். மாடும் ஆடும் வந்துகொண்டிருந்த இடத்துக்குக் கடைசிப் பத்து வருடங்களில் பூனைகளும் வர ஆரம்பித்தன, பிளாஸ்டிக் கூடையில், பழைய துண்டு போர்த்தி. தீராத நோயில் கிடக்கும் பூனைக்குக் கருணை ஊசி போடலாமா என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: எங்கள் பூனைக்கு 14 வயது. கிட்னி போய்விட்டது, ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 7.2. பத்து நாள் ட்ரிப்ஸ் ஏற்றியும் 6.8-க்குத்தான் இறங்கியது. சாப்பாடு இல்லை. ஆனால் தடவிக்கொடுத்தால் இன்னும் குர்ர் என்கிறாள். சந்தோஷமாக இருப்பவளை எப்படி டாக்டர்…?

அம்மா, முதலில் அந்தக் குர்ர் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூனை சந்தோஷத்தில் மட்டும் குர்ர் என்பதில்லை. குட்டி போடும்போதும், அடிபட்டுக் கிடக்கும்போதும், சாகும் நேரத்திலும்கூட அந்தச் சத்தம் வரும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கிரியாட்டினின் 5-க்கு மேல் போனால் கிட்னி நோயின் நான்காம் கட்டம், அதாவது கடைசிக் கட்டம் என்று கணக்கு. ஆனால் ஒரு தடவை எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை. சிறுநீர் அடைத்த கடுவன் பூனை அதைவிட அதிக எண்ணோடு வந்து, அடைப்பை எடுத்ததும் ஒரே வாரத்தில் தேறியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயம் அப்படியில்லை. பத்து நாள் ட்ரிப்ஸில் உடம்பின் வறட்சி தீர்ந்திருக்கும். அதன் பிறகும் 6.8 என்றால், மீதமிருக்கும் கிட்னியின் சக்தி அவ்வளவுதான். போன பகுதி திரும்ப வளராது.

அவள் கிண்ணத்திடம் போகிறாளா என்று கவனியுங்கள். போய், முகர்ந்து பார்த்து, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொள்கிறாள் என்றால் அவளுக்குப் பசி இருக்கிறது, குமட்டல் விடவில்லை. வாயைத் திறந்து பாருங்கள், நாக்கின் ஓரத்தில் புண் இருக்கலாம். மூச்சில் மூத்திர நெடி அடிக்கும். உங்கள் டாக்டரிடம் குமட்டலுக்கு மரோபிடன்ட், பசிக்கு மிர்டசபின் இரண்டையும் கேளுங்கள். நான்கு நாள் கொடுத்துப் பாருங்கள். தானாகச் சாப்பிட்டால், வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் நன்றாக ஓட்டலாம். நான்கு நாளிலும் அவள் வாயைத் திறக்கவில்லை என்றால், ஐந்தாம் நாளுக்கு அவளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கோவையிலிருந்து: எட்டு மாதக் குட்டி. வயிறு உப்பி, விடாத காய்ச்சல். எஃப்.ஐ.பி. என்ற பூனை வைரஸ் நோய் என்கிறார்கள். மருந்தே கிடையாது, ஊசி போட்டுவிடுங்கள் என்கிறார் எங்கள் டாக்டர்.

தம்பி, பொறுங்கள். இன்றைக்கு வேண்டாம்.

நானே இந்த நோய்க்கு ஊசி போட்டிருக்கிறேன், அப்போது வேறு வழியில்லை. 2019-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜி.எஸ். 441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். 25 பூனைகள் நெடுநாள் பிழைத்தன. அதுவரை ஏறக்குறைய எல்லாப் பூனையும் செத்துக்கொண்டிருந்த நோய் இது! கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடம்புக்குள் போனதும் இதே மருந்தாகத்தான் மாறுகிறது. வழக்கமான கணக்கு 84 நாள். எடைக்கு ஏற்ற அளவு, எனவே குட்டிக்குச் செலவு குறைவு. கண்ணிலோ மூளையிலோ நோய் ஏறியிருந்தால் அளவு கூடும். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்ளேயே காய்ச்சல் இறங்கி, குட்டி எழுந்து சாப்பிட ஆரம்பிக்கும். அது நடக்கவில்லை என்றால் மறுபடி பேசுவோம். இந்த மருந்தைக் கையாண்ட வேறொரு டாக்டரிடம் இன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சேலத்திலிருந்து: எங்கள் பூனை கத்துவதே இல்லை, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. வலிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பூனை வலியை மறைக்கும். கத்தவில்லை என்பதால் வலியில்லை என்று ஆகாது. முகத்தைப் பாருங்கள். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காது முன்னோக்கி நிற்கிறதா, பக்கவாட்டில் மடங்கி விலகியிருக்கிறதா? கண் திறந்திருக்கிறதா, இடுங்கியிருக்கிறதா? மூக்கைச் சுற்றிய பகுதி உருண்டையாகத் தளர்ந்திருக்கிறதா, இறுகி நீண்டிருக்கிறதா? மீசை வளைந்து தொங்குகிறதா, விறைத்து நேராக நிற்கிறதா? தலை தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் பத்துக்கு 4 வந்தாலே வலி மருந்து தேவை.

பூனை விழித்திருந்து, யாரும் தொடாமல் இருக்கும்போது பாருங்கள். சாப்பிடும்போதோ தூங்கும்போதோ பார்த்தால் கணக்கு தப்பும்.

அதே வாசகர்: அதுவரை பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும், கால் மாத்திரையும் ஆபத்துதான். ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறி வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். நல்லது நினைத்துத்தான் எல்லோரும் கொடுத்திருந்தார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பூனைப் பாவம் பொல்லாதது, நம் கையால் வேண்டாம் என்கிறார் என் மாமியார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மாமியார் கல்நெஞ்சக்காரர் இல்லை, உயிர்மேல் உள்ள பயத்தில் சொல்கிறார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பிழைக்க வழியில்லாமல் வேதனையில் கிடந்தது. காந்தி டாக்டரை வரவழைத்து ஊசி போடச் செய்தார். பசுவின் கன்று, அதுவும் காந்தியின் ஆசிரமத்தில்! நாடெங்கிலுமிருந்து கோபமாகக் கடிதங்கள் வந்தன. அந்த நிலையில் அதுவும் அகிம்சைதான் என்று அவர் தம் பத்திரிகையிலேயே பதில் எழுதினார்.

உங்கள் வீட்டில் முடிவை எல்லோரும் சேர்ந்து எடுங்கள். ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது.

சென்னையிலிருந்து: நேற்று ராத்திரி திடீரென்று அலறி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. பாதம் ஜில்லென்று இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். பெரும்பாலும் இதயத்தில் உண்டான ரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கும். பூனைக்கு வரும் வலிகளில் மிகக் கொடியது இது. முதலில் வலிக்கு ஊசி, அப்புறம்தான் மற்ற பேச்சு. ஒரு கால் மட்டும், அதிலும் கொஞ்சம் அசைவு இருந்தால் முயன்று பார்க்கலாம். இரண்டு காலும் விழுந்து, உடம்புச் சூடும் இறங்கி, மூச்சும் இரைத்தால் அன்றே விடைகொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்லிவந்தேன்.

செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. கையில் பணம் இல்லை என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கேற்ற வழி காட்ட முடியும்.

மதுரையிலிருந்து: ஊசி போடும்போது என்ன நடக்கும்? நான் பக்கத்தில் இருக்கலாமா?

இருங்கள். முதலில் மயக்க ஊசி, சில நிமிடங்களில் தூங்கிவிடும். அதன் பிறகு நரம்பில் அளவுக்கு மீறிய மயக்க மருந்து. மூச்சு நிற்கும், அடுத்து இதயம். கண் மூடாது, அதற்குப் பயப்படாதீர்கள். ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம், சிறுநீர் கழியலாம். அப்போது பூனைக்கு எதுவும் தெரியாது. “முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?” என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மதுரை வாசகரே: தானாகவே வீட்டில் போகட்டும் என்று விட்டால் என்ன?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விட்டோம். கிட்னிதான் அவளுக்கும். எத்தனையோ பேருக்கு வழி சொன்ன நான், என் பூனை விஷயத்தில் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசி இரவு மூன்று முறை வலிப்பு வந்தது. இடையில் ஒருமுறை எழுந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி, குடிக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். ஊசிமருந்து அலமாரியில்தான் இருந்தது. விடியட்டும் என்று இருந்தேன். விடிவதற்குள் நான்காவது வலிப்பில் போனாள்.

புதைப்பதானால் மூன்று அடியாவது தோண்டி, மேலே கல் வையுங்கள். ஊசி போட்ட உடம்பில் மருந்து தங்கியிருக்கும், நாய் தோண்டித் தின்றுவிடக் கூடாது. வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், புதைப்பதற்கு முன் அதை ஒரு தடவை பக்கத்தில் வந்து முகர்ந்து பார்க்க விடுங்கள்.