பொறுப்பான ஏஐ ஆராய்ச்சி: டெல்டாவில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

மனிதரை மையமாக வைத்த ஏஐ, பொறுப்பான ஏஐ என்று சொல்லப்படும் துறையில், அதாவது செயற்கை நுண்ணறிவால் யாருக்கும் அநியாயம் நடக்காமல் பார்க்கும் துறையில், ஆராய்ச்சி செய்வதும் பாடம் நடத்துவதும் என் வேலை. சொந்த ஊர் பாபநாசம் பக்கம். இந்தத் துறைக்கு வருவது பற்றித் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இருந்து கேட்டவர்களுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பட்டுக்கோட்டை, பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்: மேடம், இது உண்மையில் கம்ப்யூட்டர் சயின்ஸா, இல்லை கம்பெனிகளுக்குப் புத்தி சொல்கிற வேலையா?

புத்தி சொல்ல பிஎச்டி எதற்கு தம்பி, அதற்குத்தான் ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்களே.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2019-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்க அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. நோயின் கடுமையை நேரடியாக அளப்பது கஷ்டம் என்பதால், அந்த நோயாளிக்கு ஆகும் மருத்துவச் செலவை அது கணித்தது. கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்கும் குறைவாகத்தான் செலவிடப்பட்டு வந்தது. அதனால் அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாக மென்பொருள் முடிவுகட்டியது. உள்ளே கொடுத்த தரவில் இனம் என்ற விவரமே கிடையாது. இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியலும் தெரிய வேண்டும், மருத்துவமனையில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் துறை.

2018-ல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தது இன்னும் நேரடியானது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்திருக்கும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று நினைத்துத்தான் பெரும்பாலான செயலிகளைச் செய்கிறார்கள். இங்கே அம்மாவின் கணக்குக்கு ஓடிபி சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போகும். அவர் வேலையில் இருப்பார், அம்மா வங்கி வாசலில் நிற்பார். நித்யா சாம்பசிவனும் சக ஆய்வாளர்களும் 2021-ல் இந்தியாவை வைத்து எழுதிய கட்டுரையின் வாதமும் ஏறக்குறைய இதுதான்: மேற்கத்திய நாடுகளில் உருவான நியாய அளவுகோல்களை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாது, ஏனென்றால் தரவுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதே இங்கே வேறு.

கும்பகோணம், எம்.ஏ. சமூகவியல் மாணவி: அக்கா, எனக்குக் கோடிங் தெரியாது. நான் வரலாமா?

தாராளமாக வா. ஆனால் கோடிங் தெரியாமலே இருந்துவிடலாம் என்று நினைக்காதே. பைத்தான் கொஞ்சம், புள்ளியியல் நன்றாக, இவ்வளவு போதும்.

உன்னைப் போன்றவர்கள் ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். உரம் எப்போது போடுவது என்று ஆலோசனை சொல்லும் ஒரு குரல்வழிச் செயலியை விவசாயிகளோடு உட்கார்ந்து சோதித்தோம். ‘பயிருக்கு எத்தனை நாள் ஆகிறது?’ என்று அது கேட்கும். எங்கள் பக்கம் நாற்றுவிட்டு நடுகிறவர்கள் நட்ட நாளில் இருந்து எண்ணிச் சொன்னார்கள். கடைமடையில் நேரடி விதைப்புச் செய்தவர்கள் விதைத்த நாளில் இருந்து சொன்னார்கள். நாற்றங்காலில் இருந்த நாட்களை யோசித்துப் பார். ஏறக்குறைய ஒரு மாத வித்தியாசம் வந்துவிடும், மேலுரம் போட வேண்டிய கணக்கே மாறிவிடும். செயலிக்குள் கணக்குப் போடும் மாடல் சொன்னது கணிதப்படி சரி, வயலில் தப்பு. அடுத்து நில அளவு. ‘ஆறு மா’ என்றார் ஒருவர். செயலிக்கு ஏக்கரும் ஹெக்டேரும்தான் தெரியும். பேச்சை எழுத்தாக்கும் பகுதி அதை ‘ஆறுமா’ என்று எழுதி, எது ஆறும் என்று புரியாமல் நின்றுவிட்டது. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எந்தக் கேள்விக்கு யார் எதை மனதில் வைத்துப் பதில் சொல்கிறார்கள் என்று கவனிப்பது சமூகவியல் படித்தவர்களுக்குப் பழகிய வேலை. பொறியியல் படித்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆகிறது.

நன்னிலம், ஒரு மாணவியின் தந்தை: மகள் பிஎச்டி என்கிறாள். எத்தனை வருடம், என்ன வருமானம், முடித்தால் வேலை நிச்சயமா? சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை வேறு ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐயா, ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் இந்த விதியைக் காட்டுங்கள்.

நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023-ல் உயர்த்தப்பட்ட தொகை இது. வீட்டு வாடகைப்படி தனி. பிறகு அது 42,000 ஆகும். 2018-ல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகையில் முதல் இரண்டு வருடம் மாதம் 70,000 என்று வைத்திருந்தார்கள், ஆனால் அதற்குப் போட்டி கடுமை.

வேலை நிச்சயமா என்றால், இல்லை. யூஜிசி அளவில் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்குகிறது, அது நிரந்தரப் பணியிடம் கிடைத்தால். கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் ஓட்டுகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இந்தத் துறையில் ஒரு வசதி, கல்லூரியை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் போன்ற ஆய்வுக்கூடங்களும், மென்பொருளைத் தணிக்கை செய்யும் வேலைகளும் இருக்கின்றன. ஆனால் ‘ஏஐ படித்தால் லட்சம் லட்சமாக’ என்று பிளெக்ஸ் வைக்கிறவர்களின் பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: எங்களுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது அம்மா? தண்ணீரில் கிடந்து பயிர் அழுகினாலும் கணக்கில் நல்ல மகசூல் என்று வந்துவிடுகிறது. இன்சூரன்ஸ் வருவதில்லை.

எனக்கு வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான் ஐயா. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் ஒரு சராசரி எடுக்கிறார்கள். சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து அந்தச் சராசரிக்கு வருவது பழைய முறை. 2023 காரிஃப் பருவத்தில் இருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு 30 சதவீத இடம் கொடுத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் உள்ளே வந்தது அப்படித்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும், சம்பா தெரியாது. அதனால் மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை எடுக்கிறார்கள். அதில் தண்ணீர் நிற்பது தெரியும். ஆனால் நெல் வயலில் தண்ணீர் நிற்பது சாதாரணம். வடிகால் அடைத்துப் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்ததா என்று பிரித்துச் சொல்லத் தனி உழைப்பு வேண்டும்.

பிழையே இல்லாத மாடலை யாராலும் செய்ய முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்வி வேறு. உங்கள் கிராமத்துக்கு என்ன எண் வந்தது, அது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தமிழில் யார் சொல்கிறார்கள்? தப்பு என்றால் எங்கே போய்ச் சொல்வது, எத்தனை நாளுக்குள்? உங்கள் போனில் நீங்கள் எடுத்த படம் சாட்சியாக எடுபடுமா? நீங்கள் குத்தகைதாரர் என்றால், பட்டாவில் இல்லாத உங்கள் பெயர் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? இதையெல்லாம் வடிவமைத்து, சோதித்து, அதிகாரிகள் முன்னால் வைப்பதும் ஆராய்ச்சிதான். நாளைக்கே உங்களுக்குப் பணம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிரச்சினையை ஆய்வுக்கு எடுக்கத் திருத்துறைப்பூண்டிப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் வேறு எந்த ஊரில் கிடைப்பார்?

நாகப்பட்டினம், தனியார் கல்லூரி விரிவுரையாளர்: பேப்பர் போடு என்று நிர்வாகம் நெருக்குகிறது. பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் இருக்கின்றனவே?

கட்டாதீர்கள். நல்ல இடத்தில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர்கள் அந்த இதழ்களின் பெயரைப் பார்த்ததும் தாளைத் திருப்பிவிடுவார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 விதி எடுத்துவிட்டது. தனி நிபந்தனை வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் இதழைவிட மாநாட்டுக்குத்தான் மதிப்பு: மனிதர்–கணினி ஊடாட்டத்துக்கு ‘கை’ (CHI), நியாயம், பொறுப்பேற்பு போன்றவற்றுக்கு 2018-ல் தொடங்கிய ‘ஃபேக்ட்’ (FAccT), மொழி சார்ந்ததற்கு ஏசிஎல் (ACL). இதைக் கல்லூரி நிர்வாகத்துக்குப் புரியவைப்பது தனிப் போராட்டம், அதில் என்னால் உதவ முடியாது.

மயிலாடுதுறை, பி.எஸ்சி. மாணவர்: விலை உயர்ந்த ஜிபியு லேப்டாப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இணையத்திலேயே கோடை ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் போதும். அந்தக் காசில் பஸ் ஏறி நாலு ஊர் போய்வாருங்கள்.

திருவையாறு, எம்.டெக். மாணவி: வெளிநாடு போனால்தான் மதிப்பா? பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினால் பதிலே வருவதில்லை.

அமெரிக்காவில் பிஎச்டிக்கு ஐந்தாறு வருடம் ஆகும். பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, கூடவே உதவித்தொகை. இங்கேயே சென்னை ஐஐடியில் 2023-ல் பொறுப்பான ஏஐக்கென்றே ஒரு மையம் வந்திருக்கிறது. ஹைதராபாத், டெல்லி ஐஐஐடிகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊரைவிட வழிகாட்டிதான் முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

மெயில் விஷயம். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வால் ஈர்க்கப்பட்டேன்’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் போனால் யாரும் பதில் போட மாட்டார்கள். அவருடைய கட்டுரை ஒன்றை முழுக்கப் படியுங்கள். அது நம் ஊரில் எங்கே உடையும் என்று மூன்று வரி எழுதுங்கள். நீங்கள் செய்த ஒரு சின்ன வேலைக்கு இணைப்பு கொடுங்கள். அவ்வளவுதான்.

தஞ்சாவூர், பெயர் வேண்டாம் என்றவர்: பொறுப்பான ஏஐ என்பதே கம்பெனிகள் பூசிக்கொள்ளும் சுண்ணாம்புதானே?

பாதி உண்மை. முன்னால் சொன்ன டிம்னிட் கெப்ரு 2020 டிசம்பரில் கூகுளை விட்டு வெளியே வந்தார். நீக்கிவிட்டார்கள் என்றார் அவர், ராஜினாமாவை ஏற்றோம் என்றது நிறுவனம். பெரிய மொழி மாடல்களின் ஆபத்து பற்றிய ஒரு கட்டுரையில் இருந்து வந்த தகராறு அது. பல்கலைக்கழகத்தில் இருந்தால் வாய் கொஞ்சம் சுதந்திரமாக இருக்கும். ஆனால் எங்களுக்கும் நிதி எங்கிருந்தோ வரத்தான் வேண்டும், அதைக் கட்டுரையின் அடியில் எழுதிவிடுவது என் வழக்கம். அரசுகளும் சும்மா இல்லை. 2020-லேயே தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. தாளில் இருப்பது டெண்டரில் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? நல்ல ஆய்வுத் தலைப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம், ஆய்வு மாணவர்: எங்கள் ஊரிலேயே கள ஆய்வு செய்யலாமா? யாரிடம் அனுமதி வாங்குவது?

முதலில் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. உடல்நலம் தொடர்பானது என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலையும் படியுங்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அந்தத் தரவை வைத்து ஒரு தனிநபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

மற்றபடி, ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நிலத்துக்கு ஏதோ ஆகப்போகிறது என்ற பயம், நியாயமான பயம்தான். குழுவிடம் முன்பே சொல்லி, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய அனுமதி வாங்குங்கள். அரை நாள் உட்காரவைத்தால் அரை நாள் கூலி கொடுங்கள். நடவு நாட்களில் பெண்களைத் தேடிப் போகாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடப்பட்டவர் முன்னால் அன்றைக்குப் போய் நிற்க வேண்டாம்.