கேட்டா சொல்லோணும்: லினக்ஸுல கேம் ஓடுமுங்களா?

இந்த வாரம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே விஷயம்தானுங்க. அதனால மத்த கேள்வியெல்லாம் அக்கட்ட ஒதுக்கி வெச்சுட்டு இதையே ஒட்டுக்கா பேசிரலாம்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னுபோச்சு, என்ற கம்ப்யூட்டர் 11-க்கு தகுதியில்லைன்னு சொல்லுது. லினக்ஸுக்கு மாறிரலாம்னு ரோசனை. ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்கி வெச்ச கேமெல்லாம் ஓடுமுங்களா?
— கல்லூரி மாணவர், பெருந்துறை

2025 அக்டோபர் 14-ல இருந்து நெறைய பேரு இதே ரோசனைலதான் இருக்காங்க. நல்லா ஓடற மெஷினை, டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் இல்லைங்கற ஒரே காரணத்துக்கு எடைக்கு போட யாருக்குங்க மனசு வரும்? மொதல்ல ஒரு பேப்பர் எடுத்து நீங்க நெசமாவே ஆடற கேமை மட்டும் எழுதுங்க, லைப்ரரில 200 இருக்கும், ஆடறது ஆறு இருந்தா எச்சு. அந்த ஆறையும் புரோட்டான்டிபி தளத்துல தேடிப்பாருங்க, ஆடினவங்களே ஓடுது ஓடலன்னு எழுதி வெச்சிருப்பாங்க. தனியா ஆடற கேம்னா பெரும்பாலும் பயமில்லை. ஆன்லைன்ல அடிச்சுக்கற கேம்னா கீழ திருச்செங்கோட்டு தம்பிக்கு சொன்னதை படிச்சுட்டு முடிவெடுங்க.

அப்பறம் ஒன்னு, விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்ல இருக்கற பழைய டிரைவ்ல கெடக்கற கேமை அப்படியே லினக்ஸுல சேத்து ஓட்டிரலாம்னு மட்டும் பாக்காதீங்க, இன்னிக்கு தொறக்கும் நாளைக்கு தொறக்காது, ஏன்னு தேடி நான் ரெண்டு ராத்திரி முழிச்சிருக்கேன். லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட்ல டிரைவை போட்டு மறுபடி எறக்கிக்கங்க.

கேள்வி: "ஒயின் போட்டாத்தான் வேலை ஆகும்"னு ஃபிரண்டுகிட்ட போன்ல பேசினதை அம்மாயி கேட்டுட்டாங்க. என்ன சொல்லி சமாளிக்கறது?
— பொள்ளாச்சி வாசகி

சிரிச்சு முடிக்கவே நேரமாச்சு அம்மிணி. அம்மாயிகிட்ட இப்படி சொல்லிப்பாருங்க: பாலக்காட்டுப் பக்கம் மாடு வாங்கப் போறப்ப மலையாளம் தெரிஞ்ச ஒருத்தரை கூட கூட்டிட்டு போவாங்கல்ல, அந்த ஆளு மாதிரி ஒரு சாஃப்ட்வேர்தான் ஒயின். விண்டோஸ் கேம் என்னமோ கேக்கும், இவரு அதையே லினக்ஸுகிட்ட அது பாஷைல கேட்டு வாங்கித் தருவாரு. 1993-ல இருந்து இதே வேலைதான். 2018 ஆகஸ்ட்ல ஸ்டீமை நடத்தற வால்வ் கம்பெனிக்காரங்க இவரையும், டைரக்ட்எக்ஸ்ங்கற விண்டோஸ் கிராஃபிக்ஸ் பாஷைல சொல்றதை லினக்ஸுக்கும் புரியற வல்கன் பாஷைக்கு மாத்திச் சொல்ற டிஎக்ஸ்விகே-ங்கற இன்னொருத்தரையும் ஒரே வண்டில ஏத்தி, புரோட்டான்னு பேரு வெச்சு ஸ்டீம்குள்ளயே விட்டுட்டாங்க. மொத நாள் 27 கேமுக்குத்தான் ஓடும்னு வாக்கு குடுத்தாங்க. அந்த டிஎக்ஸ்விகே-வை எழுதின பிலிப் ரெபோலே அதை ஆரம்பிச்சதே நியர் ஆட்டோமேட்டா கேமை லினக்ஸுல ஆடோணும்ங்கற ஆசைலதானாம். கேம் பைத்தியம் புடிச்சா மனுசன் என்னவெல்லாம் பண்றான் பாருங்க.

கேள்வி: கேம் கம்பெனிக லினக்ஸுக்குன்னு தனியா போர்ட் பண்ணி, அதாவது மாத்தி எழுதித் தராதது வெறும் சோம்பேறித்தனம்தானே? எல்லாரும் சேந்து கேட்டா வராதா?
— ஐடி ஊழியர், சரவணம்பட்டி

நானும் உங்களாட்டம் கத்திட்டு இருந்தவந்தானுங்க, இப்ப கத்தறதில்லை.

1998-ல அமெரிக்காவுல லோக்கி சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி, அடுத்தவங்க விண்டோஸுக்கு பண்ண கேமை வாங்கி லினக்ஸுக்கு மாத்தி டப்பால போட்டு வித்தாங்க. 1999-ல சிவிலைசேஷன்: கால் டு பவர், அப்பறம் குவேக் 3, சிம்சிட்டி 3000-ன்னு வரிசையா வந்துது. 2002 ஜனவரில கடையை சாத்திட்டாங்க, காசு கட்டுபடியாகல. அங்க வேலை பாத்த சாம் லன்டிங்கா எழுதின எஸ்டிஎல்-ங்கற லைப்ரரி (கேமுக எடுத்து பயன்படுத்திக்கற ரெடிமேட் கோடு) இன்னிக்கும் எத்தனையோ கேமுக்கு அஸ்திவாரமா இருக்கு, அது வேற. ஆனா அந்த டப்பா கேமை இன்னிக்கு புது லினக்ஸுல போட்டா அந்த லைப்ரரி இல்லை இந்த லைப்ரரி இல்லைன்னு மொரண்டு புடிக்கும், அதே கேமோட விண்டோஸ் சிடியை ஒயின்ல போட்டா பெரும்பாலும் ஓடிரும். வேடிக்கையா இல்லைங்களா?

திருப்பூர்ல பாத்திருப்பீங்க. சொந்த கம்பெனில சொந்த டெய்லரை வெச்சு தைக்கறது ஒன்னு, ஜாப் ஒர்க்குக்கு வெளிய விடறது இன்னொன்னு. ஜாப் ஒர்க் யூனிட்ல பீஸை எண்ணிக் குடுத்தாச்சு, பில்லு போட்டாச்சு, அதோட முடிஞ்சுது. நாலு மாசம் கழிச்சு பையர் அளவை மாத்தினா போன பீஸை எவன் பிரிச்சு தைப்பான்? பெரிய கேம்களோட லினக்ஸ் போர்ட் நெறைய இப்படி வெளிய விட்டு வாங்கினதுதான். விண்டோஸ்காரன் அஞ்சாவது பேட்ச்ல (அப்டேட்ல) இருப்பான், நம்ம ஆளு ரெண்டாவதுலயே உக்காந்திருப்பான், சேந்து ஆடலாம்னு போனா வெர்ஷன் ஒத்து வரலைன்னு திருப்பி அனுப்பிரும். டூம் ரைடர், ஷேடோ ஆஃப் மோர்டோர் எல்லாம் மாத்திக் குடுத்த ஃபெரல் மாதிரி சுத்தமா செஞ்சவங்களும் உண்டு, இல்லைன்னு சொன்னா வாய் வெந்துரும்.

வேலையும் நீங்க நெனைக்கறாப்ல இல்லீங்க. ஃபைல் பேருல மொத எழுத்து கேபிடலா ஸ்மாலான்னு விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸுக்கு அது ரெண்டும் வேற வேற ஆளு. ஒருக்கா ஒரு சின்ன கேம், லினக்ஸ் போர்ட்தான், காசு குடுத்து வாங்கினது. மூணாவது லெவல்ல ஹீரோ நடந்து வரான், சுவரு இருக்கு, தரை இருக்கு, பந்தம் எரியுது, கதவு இருக்கற எடத்துல மட்டும் ரோஸ் கலர்ல ஒரு சதுரம். கேமே அப்படித்தான் போலன்னு நெனச்சு அதுமேல கால் மணி நேரம் முட்டிட்டு இருந்தேன். அப்பறம் ஃபோல்டரை தொறந்து ஒவ்வொன்னா பாத்தா, எவனோ ஒரு ஃபைலுக்கு மட்டும் கேபிடல் எழுத்துல பேரு வெச்சிருக்கான். ஸ்மால் ஆக்கினேன், கதவு வந்துருச்சு. வாங்கினவன் பண்ற வேலையாங்க இது?

அதனால சேந்து கேக்கறதுன்னா போர்ட் பண்ணுங்கன்னு கேக்காதீங்க, புரோட்டான்ல ஒடையாம பாத்துக்கங்கன்னு கேளுங்க, அவங்களுக்கும் செலவு கம்மி, நமக்கும் பேட்ச் அன்னைக்கே வந்துரும். ஆனா ஆசை உட்டுச்சான்னா, உடல. 2012-ல வால்வ் தன்னோட லெஃப்ட் 4 டெட் 2-வை மாத்திட்டு, அதே மெஷின்ல விண்டோஸ் 7-ல நொடிக்கு 270.6 ஃபிரேம் வந்தது லினக்ஸுல 315 வருதுன்னு எழுதினப்ப எனக்கு தூக்கமே வரல. என்ன, அது சொந்த டெய்லர் தைச்ச பீஸு.

கேள்வி: வேலோரன்ட் எப்ப அண்ணா லினக்ஸுக்கு வரும்?
— பிளஸ் டூ மாணவர், திருச்செங்கோடு

நம்பி உக்காராத கண்ணு. அதுல இருக்கற வேன்கார்ட்ங்கற ஆன்டி-சீட், அதாவது திருட்டாட்டத்தை புடிக்கற சாஃப்ட்வேர், விண்டோஸோட அடிமையமான கெர்னலுக்குள்ள போயி உக்காரோணும்னு கேக்கும். தோட்டத்துக்கு காவலுக்கு வந்தவன், ஊட்டுக்குள்ள கட்டில் போட்டாத்தான் காவல் காப்பேன்னு சொல்ற கதை. லினக்ஸுல கெர்னலை யாரு வேணா மாத்திக்கலாம், அதனால அவங்க நம்பமாட்டேங்கறாங்க. லீக் ஆஃப் லெஜென்ட்ஸ் ஒயின்ல ஓடிட்டுத்தான் இருந்துது, 2024-ல அதுலயும் வேன்கார்டை சொருகினாங்க, போச்சு. இதே மாதிரி காவல்காரங்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் 2021-லயே புரோட்டானுக்கு வழி விட்டாச்சு, அந்த வழியை தொறக்கறது மூடறது கேம் பண்றவங்க இஷ்டம். ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ் தொறந்து விட்டுட்டு 2024 அக்டோபர் 31-ல மறுபடி மூடிட்டாங்க, லினக்ஸ் வழியா திருட்டாட்டம் வருதுன்னு காரணம் சொன்னாங்க. வேலோரன்ட் ஒன்னுக்காக விண்டோஸை ஒரு ஓரத்துல வெச்சுக்க. பரீட்சை முடிஞ்சப்பறம்.

கேள்வி: லினக்ஸ் போர்ட் இருக்கறப்பவே அதை உட்டுட்டு புரோட்டான்ல ஓட்டினா தப்புங்களா? எதோ துரோகம் பண்றாப்ல இருக்கு.
— கோபிசெட்டிபாளையம் வாசகர்

ஒரு துரோகமும் இல்லீங்க. 2020 மார்ச்சுல ராக்கெட் லீக் லினக்ஸை கைவிட்டப்ப லினக்ஸ் போர்ட்ல ஆன்லைன் ஆட்டம் நின்னுபோச்சு, விண்டோஸ் வெர்ஷனை புரோட்டான்ல போட்டவங்க பாட்டுக்கு ஆடிட்டு இருந்தாங்க. கேம் மேல ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்க டிக் போட்டு புரோட்டானை எடுங்க, விண்டோஸ் வெர்ஷன் புதுசா எறங்கும். அதுக்கு முன்னாடி சேவ் ஃபைலை எடுத்து பத்திரம் பண்ணிக்கங்க. லினக்ஸ் போர்ட் ஒரு எடத்துல சேவ் பண்ணும், புரோட்டான் காம்பாட்டேட்டா (compatdata)ன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள தனி குடித்தனம் வெச்சிருக்கும், ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்கும்னு சொல்ல முடியாது. என்ற 60 மணி நேர ஆட்டம் அப்படித்தான் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுது.

கேள்வி: பையன் பிளஸ் ஒன் போறான், கம்ப்யூட்டர் வேணும்ங்கறான். லினக்ஸ் போட்டுக் குடுத்தா கேம் ஆட முடியாது, படிப்பான்னு கடைக்காரர் சொல்றாரு. நம்பலாமுங்களா?
— தறி வெச்சிருப்பவர், சோமனூர்

அண்ணா, கடைக்காரர் பொய் சொல்லலீங்க, பழைய கதையை சொல்றாரு. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துது, எங்க செட்டுல ஒருத்தன் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல, கேம் இல்லைங்கறதுதான் காரணம். அப்ப கேட்டிருந்தா தாராளமா போடுங்கன்னு நானே சொல்லிருப்பேன். இப்ப ஸ்டீம் டெக்குன்னு கையில வெச்சு ஆடற மெஷினே 2022-ல இருந்து லினக்ஸுலதான் ஓடுது.

போட்டுக் குடுங்க, ஆனா ஆடுவான். ஆடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கிராஃபிக்ஸ் டிரைவர் தேடுவான், கருப்பு ஸ்கிரீன்ல என்னமோ தட்டிட்டே இருப்பான், தறிக்கு நடுவுல நீங்க வந்து பின்னாடி நின்னு பாத்தா படிக்கறாப்லயே இருக்கும்.