மார்கரெட் பிரெஸ்டனின் மலர் அச்சுகளைத் துணியில் கொண்டுவருதல்: கேள்வி பதில்

கேள்வி: சுவரில் மாட்டும் குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு) ஒன்றை மார்கரெட் பிரெஸ்டனின் பாங்சியா மலர் அச்சுகளைப் பார்த்துச் செய்ய விரும்புகிறேன், அம்மா. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கறுப்பைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியக் கலைஞரான பிரெஸ்டன் (1875–1963) அந்த மண்ணின் மலர்களான பாங்சியா, வாராட்டா போன்றவற்றை மரப்பலகையில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிட்டு, பல அச்சுகளுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டியவர். மரச்செதுக்கில் உளி தோண்டிய இடம் வெள்ளையாக விழும். உளி விட்டுவைத்த இடமே கறுப்பாகப் பதியும். ஆகவே அவருடைய கறுப்புக் கோடு பூவைச் சுற்றிப் பிறகு வரைந்த எல்லையன்று. பலகையில் எஞ்சி நின்ற மரமே அது. குவில்ட் செய்பவர் இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் வேலையின் வரிசையே மாறிவிடும்.

கேள்வி: அந்தக் கோட்டுக்குக் கறுப்பு பயாஸ் டேப் (மூலைவாட்டில் வெட்டிய துணிப்பட்டை) நல்லதா, நெருக்கமான ஜிக்ஜாக் தையல் நல்லதா?

பதில்: இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டேப்பும் சரி, ஜிக்ஜாக்கும் சரி, பெரும்பாலும் ஒரே அகலத்தில் ஓடிவிடும். அச்சில் உள்ள கோடோ ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து செல்கிறது. அதற்குப் பதிலாகக் கறுப்புப் பருத்தித் துணியையே முழு அடித்தளமாக விரித்து, வண்ணத் துண்டுகளை அதன்மேல் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். இடையில் தெரியும் கறுப்பே உங்கள் கோடு. பாங்சியா செராட்டா என்ற வகையின் இலையின் விளிம்பு ரம்பம்போல் பல் பல்லாக இருக்கும். அந்தப் பற்களை மடித்துத் தைக்க முயன்றால் கூர்மை போய்விடும். துணியின் பின்புறம் ஃப்யூசிபிள் வலையை (தாளோடு வரும், சூட்டில் உருகி ஒட்டும் பசை வலை) இஸ்திரியால் ஒட்டி, கூரான கத்தரியால் வெட்டி, விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, துணியின் நிறத்திலேயே உள்ள நூலால் நேர்த்தையல் போட்டால் பல்லும் நிற்கும், ஓரமும் எளிதில் பிரியாது.

கேள்வி: அப்படி ஒட்டியதில் இலைகள் எல்லாம் இடம் வலமாக மாறிவிட்டன. ஏன்?

பதில்: வலையின் தாளில் வரைவது துணியின் பின்புறத்தில் அமைவதால், முன்புறத்தில் திரும்பித்தான் தெரியும். படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து மறுபுறமாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கலைஞரும் பலகையில் திருப்பித்தான் செதுக்குகிறார்.

கேள்வி: மஞ்சள் துணி கறுப்பின்மேல் மங்கிப்போகிறது.

பதில்: அடியிலுள்ள கறுப்பு மேலே தெரிவதால் அப்படி ஆகிறது. வெளிர்நிறத் துண்டு ஒவ்வொன்றின் கீழும் அதே வடிவில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை வையுங்கள். உட்துணி மேல்துணியைவிட ஒரு நூலளவு சிறியதாக இருந்தால் விளிம்பில் எட்டிப்பார்க்காது. பூப்போட்ட துணிகளைத் தவிர்த்து, கையால் சாயமிட்ட பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். அதில் இயல்பாகவே வரும் சிறு ஏற்ற இறக்கம், தூரிகை வண்ணத்துக்கு மிக அருகில் நிற்கும். கறுப்புத் துணியை முன்கூட்டியே துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம்.

கேள்வி: உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு தடிமனாக இருக்கலாமா?

பதில்: மெல்லிய பருத்தி விரிப்பே போதும், தடித்தது இலைகளைத் தலையணைபோல் உப்பச் செய்துவிடும்.

கேள்வி: நான் சிட்னியில் இருக்கிறேன். அவருடைய ஓர் அச்சை அப்படியே குவில்ட்டாகச் செய்து கண்காட்சிக்கு வைக்கலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் வைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பதிப்புரிமை கலைஞரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிப்பதால், பிரெஸ்டனின் படைப்புகளுக்கு 2033 இறுதிவரை உரிமை உண்டு. இந்தியாவில் அக்காலம் 60 ஆண்டுகளே என்பதால் அங்கே 2023உடன் முடிந்துவிட்டது. நீங்கள் இருக்கும் ஊரிலேயே பாங்சியா வளர்கிறதே! ஒரு கிளையை மேசைமேல் வைத்து நீங்களே வரையுங்கள். தடித்த கறுப்பு, நெருக்கமான அமைப்பு ஆகிய அவருடைய முறையை எடுத்துக்கொள்ள எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனாலும் குவில்ட்டின் பின்புறம் தைக்கும் பெயர்ப்பட்டியில், பிரெஸ்டனின் அச்சுகளைப் பார்த்துக் கற்றது என்று எழுதிவிடுங்கள்.